தோட்டத்துப் பிக்கப்: பின்சக்கர இழுவை போதுமா, ஃபோர் வீல் வேண்டுமா?

கேள்வி, 11 ஆகஸ்ட் 2024

ஏற்காட்டு மலையில் வாழவந்திப் பக்கம் ஆறு ஏக்கர் காப்பித் தோட்டம் வாங்கியிருக்கிறேன். குடியிருப்பது சேலத்தில். வாரத்துக்கு இரண்டு முறை மலைக்குப் போய்வர வேண்டும். உரம், தண்ணீர்க் குழாய், ஆட்கள் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். தார்ச்சாலையிலிருந்து தோட்டத்து வாயில் வரை 700 மீட்டர் மண்பாதை, சரிவு கீழ்நோக்கிப் போகிறது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஃபோர் வீல் இல்லாமல் அங்கே பிக்கப் ஓட்டவே முடியாது என்று நிலத்தை விற்றவர் சொல்கிறார். அது தண்டச் செலவு என்று என் மைத்துனர் சொல்கிறார். மலையில் பல வருடம் வண்டி ஓட்டியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

12 ஆகஸ்ட் 2024

உங்கள் மைத்துனர் சொல்வதுதான் சரி. நாகலூர்ப் பக்கம் எனக்கு ஒன்பது ஏக்கர் இருக்கிறது. 2013 முதல் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் பிக்கப் ஒன்றைத்தான் அங்கே ஓட்டிவருகிறேன். அதற்கு முன் என் அப்பா ஓட்டியதும் அப்படிப்பட்ட வண்டிதான். மேட்டில் ஏறும்போது வண்டியின் எடை பின்பக்கம் சாய்கிறது. தொட்டியில் இருக்கும் லோடும் பின் அச்சின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே, எந்தச் சக்கரங்கள் இழுக்க வேண்டுமோ அவற்றின் மேலேயே எடை விழுகிறது. லோடோடு மேடேறுவதில் பின்சக்கர இழுவை வண்டி நாம் நினைப்பதைவிடக் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்வதற்குக் காரணம் இதுதான்.

முதலில் டயரைப் பாருங்கள். புது வண்டியோடு வரும் டயர் தார்ச்சாலைக்கானது. மழை பெய்த மலைச் செம்மண்ணில் இறங்கிய நாலைந்து சுற்றிலேயே அதன் வரிகளில் களி அப்பிக்கொண்டு, டயர் மொழுமொழுவென்று ஆகிவிடும். பின்னால், கட்டை கட்டையாகப் புடைத்த வரிகளுள்ள பட்டன் டயர் போட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஃபோர் வீலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பல வருடங்களுக்கு டயர் வாங்கலாம். ஃபோர் வீல் வண்டியில் முன் அச்சுக்கென்று ஒரு கிரவுன் (இழுவையை ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி, அதாவது டிஃபரன்ஷியல்), இழுவையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், கூடுதல் தண்டு என்று எடையும் ஏறுகிறது. அதற்கேற்ப டீசலும் குடிக்கிறது. என் வண்டி மலையேறி இறங்கி லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரரின் ஃபோர் வீல் பத்தரையைத் தாண்டியதில்லை.

ஆட்களை ஏற்றுவது பற்றி ஒரு வார்த்தை. லோடு தொட்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, 20 கொண்டை ஊசி வளைவுகளில் அப்படி ஏற்றிக்கொண்டு போவது பாவமும்கூட. இரட்டை கேபின் உள்ள வண்டியாகப் பாருங்கள். மகிந்திரா கேம்பர் அந்த வகை. இரண்டு இழுவையிலும் வந்திருக்கிறது. இசுசு வி-கிராஸும் அப்படியே, ஆனால் அவ்வளவு நீள வண்டியைக் காப்பிச் செடிகளுக்கு நடுவே திருப்புவது தனி வித்தை.

12 ஆகஸ்ட் 2024, இரவு

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். பின்சக்கர வண்டி சேற்றில் நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் எஞ்சினில் சக்தி இல்லாதது அல்ல. பின்பக்கக் கிரவுன் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு இழுவையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கிச் சும்மா சுற்றினால், கெட்டித் தரையில் இருக்கும் மற்றதற்கும் அந்தச் சொற்ப இழுவைதான் கிடைக்கும். வண்டி அசையாது, வழுக்கும் சக்கரம் மட்டும் குழி பறித்துக்கொண்டே போகும். அப்போது கைப் பிரேக்கை இரண்டு மூன்று பல் மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டு மெல்ல ஆக்சிலேட்டர் கொடுத்தால், சும்மா சுற்றும் சக்கரத்துக்கு ஒரு தடை கிடைக்கிறது; அந்தத் தடைக்கு ஈடான இழுவை மறுபக்கத்துக்கும் போய்ச் சேருகிறது. பத்தில் ஆறு முறை இந்த உபாயத்தால் வெளியே வந்திருக்கிறேன். மீதி நான்கு முறை டிராக்டர்.

14 ஆகஸ்ட் 2024

திருத்தம். கைப் பிரேக் உபாயத்தைத் தன் பழைய ஜீப்பில் செய்து பார்த்துப் பலன் இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குற்றம் என்னுடையது. பழைய ஜீப்புகளில் கைப் பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் தண்டையே பிடித்து நிறுத்தும் பிரேக் அது. அதை இழுத்தால் இரண்டு பின்சக்கரங்களுக்கும் போகும் இழுவையே தடைபடும். பின்சக்கர டிரம்மில் கைப் பிரேக் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே நான் சொன்னது பொருந்தும்.

18 ஆகஸ்ட் 2024

வாய்ப்பேச்சு வேண்டாம், கணக்கு காட்டுங்கள் என்று கேட்டவருக்கு. டீசல் எழுதி வைக்கும் நோட்டு என்னிடம் இருக்கிறது. 2023-இல் தோட்டத்துக்குள் வண்டி இறங்கியது 212 நாட்கள். அதில் சிக்கி நின்றதும், பாதையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததும் சேர்த்து ஒன்பது நாட்கள். ஒன்பது நாட்களுக்கு ஒரு ஜீப்பை வாடகைக்குப் பிடித்தால் ஆகும் செலவையும், ஃபோர் வீலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

19 ஆகஸ்ட் 2024

முடியவில்லை. நேற்று அந்தப் பதிவை எழுதிவிட்டுப் படுத்தவனுக்குத் தூக்கம் பிடிக்காமல், எழுந்து நோட்டை மறுபடி புரட்டினேன். ஒன்பது நாட்கள் என்று எண்ணினேனே தவிர, எந்த ஒன்பது நாட்கள் என்று பார்க்கவில்லை. அவற்றில் ஏழு, நவம்பர் தொடக்கத்துக்கும் டிசம்பர் இருபதுக்கும் இடையில் விழுந்திருக்கின்றன. வடகிழக்குப் பருவமழையும் பழம் பறிப்பும் ஒன்றாக வருகிற காலம் அது. பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் போட்டுத் தோலுரிக்க வேண்டும். மூட்டையில் ஒரு நாள் கிடந்தால் உள்ளேயே சூடேறிப் புளிக்கத் தொடங்கிவிடும், அதன் வாசனை கோப்பை வரைக்கும் வரும். ஆகவே 212-இல் ஒன்பது என்று நான் போட்ட கணக்கு படிப்பதற்கு அழகாக இருக்கலாம். ஆனால் வருடம் முழுவதும் பார்த்த பாட்டின் பலன் அந்த ஏழு நாட்களில்தான் தொட்டியில் ஏறுகிறது.

வாடகை ஜீப் விஷயத்திலும் நான் அவசரப்பட்டுவிட்டேன். எனக்கு ஜீப் தேவைப்படும் அதே மழை நாளில்தான் செம்மநத்தத்துக்காரருக்கும் மஞ்சக்குட்டைக்காரருக்கும் தேவைப்படும். அந்த ஒன்பது நாட்களில் எனக்கு ஜீப் கிடைத்தது மூன்றே நாள். அதிலும் ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தது.

இருந்தாலும் என் கருத்தை நான் முழுவதுமாக மாற்றிக்கொள்ளவில்லை.

1 செப்டம்பர் 2024

இந்த இழையில் எல்லோரும், என்னையும் சேர்த்து, "ஏறுமா, ஏறாதா" என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் கேள்வியைத் திரும்பப் படித்தபோதுதான் அதில் "சரிவு கீழ்நோக்கிப் போகிறது" என்று ஒரு சொல் இருப்பதைக் கவனித்தேன். அதாவது நீங்கள் காலி வண்டியோடு இறங்கி, லோடோடு ஏறப் போகிறீர்கள். என் தோட்டமும் அப்படித்தான். ஏற்றத்தைப் பற்றி நான் முதல் பதிவில் எழுதியது எதுவும் பொய்யில்லை. இறக்கத்தைப் பற்றி எதுவும் எழுதாமல் விட்டதுதான் பிழை. எழுதாததற்குக் காரணம் மறதி அல்ல, வெட்கம். இப்போது எழுதிவிடுகிறேன்.

2019 அக்டோபரில் ஒரு காலை. முந்தைய இரவு நல்ல மழை. காலையில் வெயில் வந்துவிட்டது, பாதை மேலாகப் பார்ப்பதற்குக் காய்ந்த மாதிரி இருந்தது. கீழ்த் துண்டில் பறித்து வைத்திருந்த மிளகுக் கொடி நாற்றுகளை ஏற்றி வருவதற்காகக் காலித் தொட்டியோடு இறங்கினேன். முதல் கியர், ஆக்சிலேட்டரில் கால் இல்லை, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும் என்ற நினைப்பு, நாற்பது வருடமாக எல்லோரும் சொல்லிக்கொடுத்த பாடம். பாதி தூரத்தில் வண்டியின் வால் மெல்ல இடப்பக்கம் நகர்வது முதுகில் தெரிந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. இருக்கையின் அடியில் யாரோ பாயை இழுப்பது போன்ற ஓர் உணர்ச்சி. பயத்தில் பிரேக்கை மிதித்தேன். அதற்குப் பிறகு ஸ்டியரிங்குக்கும் வண்டிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு சவுக்கு மரத்தில், இல்லை, சில்வர் ஓக் மரத்தில் பின் மூலை மோதி வண்டி நின்றது. அந்த மரம் இல்லாவிட்டால் அடுத்தது பதினைந்தடி கீழே இருக்கும் வரப்பு. உடைந்தது பின் விளக்கு மட்டும்தான். மரத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதில் படர விட்டிருக்கும் மிளகுக் கொடி அதை மறைத்துக்கொண்டிருக்கிறது.

ஏன் அப்படி ஆயிற்று என்பதை வெகுநாள் கழித்துத்தான் விளங்கிக்கொண்டேன். இறக்கத்தில் எடை முன்பக்கம் சாய்கிறது. தொட்டியும் காலி. பின்சக்கரங்கள் தரையை அழுத்தவே இல்லை, தொட்டுக்கொண்டு வந்தன. பின்சக்கர இழுவை வண்டியில் எஞ்சினின் பிடி போய்ச் சேர்வதும் அந்தச் சக்கரங்களுக்குத்தான். எடையே இல்லாத இரண்டு சக்கரங்களைப் பிடித்து முழு வண்டியையும் நிறுத்தப் பார்த்தால், அவை உருளுவதை விட்டுவிட்டுச் சறுக்கத் தொடங்கும். சறுக்கும் சக்கரம் பக்கவாட்டிலும் பிடிக்காது. ஃபோர் வீலில் அதே எஞ்சின் பிடி நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்து போகிறது. எடை தாங்கிக்கொண்டிருக்கும் முன்சக்கரங்களும் சேர்ந்து வண்டியைப் பிடிக்கின்றன. இதைத்தான் என் பக்கத்துத் தோட்டக்காரர் "ஏர்றதுக்கு இல்லீங்க, எறங்கறதுக்குத்தான் வாங்கினேன்" என்று ஒரு முறை சொன்னார். அப்போது நான் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டேன்.

3 செப்டம்பர் 2024

"காலியாக இறங்குவதுதான் பிரச்சினை என்றால் நாலு மணல் மூட்டையைத் தொட்டியில் போட்டுக்கொள்ளலாமே" என்று கேட்டவருக்கு: செய்திருக்கிறேன், பலன் உண்டு. பின் அச்சுக்கு நேர் மேலே, நகராமல் கட்டி வைக்க வேண்டும். தொட்டியின் கடைசியில் போட்டால் முன்பக்கம் தூக்கி, ஸ்டியரிங் இலேசாகிவிடும். 200 கிலோ போட்டதும் வண்டி நிதானமாயிற்று. ஆனால் கீழே போய்ப் பழ மூட்டை ஏற்றும்போது அந்த 200 கிலோவை இறக்கி வைக்க வேண்டும். அடுத்த முறை இறங்கும்போது மணல் கீழே இருக்கும், நான் மேலே இருப்பேன். இப்படி மூன்று நாள் மணலை மேலும் கீழும் சுமந்தோம். நாலாம் நாள் கீழே வைத்திருந்த மணலைக் கொத்தனார் எடுத்துக் களத்து வெடிப்புக்குப் பூசிவிட்டார். அத்தோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

22 செப்டம்பர் 2024

ஃபோர் வீல் வாங்குவதென்று முடிவுசெய்தவர்கள் ஃபோர் வீலைப் போடவும் எடுக்கவும் தனியாக இருக்கும் அந்தச் சின்னக் கியரைப் புரிந்துகொண்டு வாங்குங்கள். நம் பக்கத்துப் பிக்கப்புகளில் வருவது பெரும்பாலும் வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் வகை. சாதாரணமாகப் பின்சக்கரங்கள் இழுக்கும். சின்னக் கியரில் ஹை போட்டால் நான்கும் இழுக்கும், வேகம் பழையபடியே. லோ போட்டால் நான்கும் இழுப்பதோடு ஒவ்வொரு கியரும் சுமார் இரண்டரை மடங்கு மெதுவாகிவிடும், இழுவையும் பிடியும் அதே அளவுக்குப் பெருகும். என்னைக் கேட்டால் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்த லோவுக்குத்தான் தகும். லோவில் முதல் கியரில் இறங்கும்போது பிரேக் பக்கமே கால் போக வேண்டியதில்லை. கிளட்ச்சை மட்டும் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் எஞ்சினின் பிடி அந்தக் கணமே அறுந்துபோய், வண்டி தன் பாட்டுக்கு ஓடும்.

இந்த வகையில் முன் அச்சையும் பின் அச்சையும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. இரண்டு அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க வழியில்லை. முறுக்கம் முழுவதும் தண்டிலும் பல்சக்கரத்திலும் ஏறும். என் உறவினர் ஒருவர் தோட்டத்தில் போட்ட ஃபோர் வீலை எடுக்க மறந்து, அப்படியே 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரம் வந்து சேர்ந்தார். 60 அடி பாலம் தாண்டும்போதே ஸ்டியரிங் கல்லாகிவிட்டதாம். வண்டியில் ஏதோ முனகலாம். அடிவாரத்தில் சின்னக் கியர் வெளியே வரவே மறுத்தது. மெக்கானிக் வந்து, ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பத்தடி ரிவர்ஸ் போனார்; முறுக்கம் விட்டு, கியர் தானாகக் கழன்று வந்தது. ஐந்நூறு ரூபாய் வாங்கினார். நியாயமான விலை.

13 அக்டோபர் 2024

பழைய ஃபோர் வீல் வண்டிகளில் முன்சக்கர மையத்தில் கையால் திருகிப் பூட்டும் ஹப் இருக்கும் என்பதை யாரும் சொல்லவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லாமல் விட்டது நல்லதாயிற்று, ஒரு கதை கிடைத்தது. முன்பு சொன்ன பக்கத்துத் தோட்டக்காரர் போன வாரம் தன் பழைய ஜீப்பை ஓடைக்கரைச் சேற்றில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் போராடினார். கல் போட்டார், தழை போட்டார், ஆறு பேரை விட்டுத் தள்ளினார். நான்கு சக்கர இழுவையிலும் ஏறவில்லையே, கிரவுன் போய்விட்டதோ என்று என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பார்த்தேன். முன்சக்கரம் இரண்டும் யோகி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. ஹப் இரண்டும் திறந்தே இருந்தன. உள்ளே கியர் போட்டாலும் வெளியே ஹப் பூட்டவில்லை என்றால் முன் அச்சு மட்டும் சுற்றும், சக்கரத்துக்கு ஒன்றும் போகாது. குனிந்து இரண்டையும் திருகியதும் வண்டி ஏறிவிட்டது. தள்ளிய ஆறு பேரும் அவரைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

சேற்றில் இறங்குவதற்கு முன்பே பூட்டிக்கொள்ளுங்கள். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு ஹப்பைத் தேடுவது யாருக்கும் பிடிக்காது.

10 நவம்பர் 2024

காற்றைப் பற்றிக் கேட்டவருக்கு. லோடுக்காகப் பின் டயரில் 50 பி.எஸ்.ஐ. வரை அடித்து வைத்திருப்பவர்கள் அதே காற்றோடு காலியாகச் சேற்றில் இறங்கினால் டயர் மரக்கட்டை மாதிரி குதிக்கும். நான் வாயிலில் நிறுத்தி 28-க்கு இறக்கிவிடுவேன். டயர் பரந்து உட்கார்ந்து பிடிக்கும். ஆனால் அந்தக் காற்றில் லோடு ஏற்றக் கூடாது. மறுபடி அடித்துக்கொள்ள பேட்டரியில் மாட்டும் பம்பு ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். இது இரண்டு வகை வண்டிக்கும் பொது.

5 டிசம்பர் 2024

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, வலுவிழந்த பிறகு உள்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது உங்களுக்குத் தெரியும். ஊத்தங்கரையில் மட்டும் 50 சென்டிமீட்டர். நான் மலையில்தான் இருந்தேன். ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். முதல் இரண்டு நாட்கள் பக்கத்துத் தோட்டக்காரரின் ஃபோர் வீல் பிக்கப்பும் என் வண்டியும் ஒரே கொட்டகையில் பக்கத்தில் பக்கத்தில் சும்மா நின்றன. பாதை இருக்க வேண்டிய இடத்தில் பாறையும் மரமும் கிடக்கும்போது எத்தனை சக்கரம் இழுத்து என்ன? ஃபோர் வீல் இருந்தால் எங்கேயும் போகலாம் என்று இந்த இழையில் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அவர்களை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள்தான் வித்தியாசம் தெரிந்தது. தோட்டத்துக்குள் விழுந்த மரங்களை அறுத்து வழிவிட்டதும், அவர் லோ போட்டு ஊர்ந்து ஊர்ந்து கீழே இறங்கி, மரத்துண்டுகளைச் சங்கிலியில் கட்டி இழுத்துப் போட்டுவிட்டு, பழ மூட்டைகளோடு மேலே வந்தார். நான் என் சரிவின் தலைப்பில் நின்று பார்த்தேன். மேல் மண் முழுவதும் அடித்துப் போய், கீழே வழவழவென்று சிவப்புக் களி மட்டும் மினுங்கியது. 2019-ஐ நினைத்துக்கொண்டேன். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கீழே 22 மூட்டை பழம் இருந்தது. ஆட்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்தது எட்டு. மீதி புளித்துவிட்டது, தோலோடு உலர்த்திச் செர்ரியாக விற்கலாம் என்றால் வெயில் எங்கே?

8 டிசம்பர் 2024

"வண்டிக்குச் செலவு செய்வதற்குப் பதில் பாதைக்குச் செலவு செய்தால் என்ன" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த இழையில் வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். நான்கு மாதம் கழித்து வந்திருக்கிறது. என் மேல் துண்டில் 40 மீட்டருக்கு, சக்கரம் போகும் இடத்தில் மட்டும் இரண்டடி அகலத்தில் இரண்டு பட்டைகளாக 2022-இல் கான்கிரீட் போட்டேன். நடுவில் புல். மேற்பரப்பை வழுவழுப்பாகத் தேய்க்காமல் துடைப்பத்தால் கீறி விடச் சொன்னேன். மேலிருந்து வரும் தண்ணீர் குறுக்கே ஓடிவிட ஒரு வடிகாலும் வைத்தேன். அது இல்லாமல் போட்டால் தண்ணீர் பட்டைக்கு அடியில் மண்ணை அரித்து, கான்கிரீட்டை அந்தரத்தில் விட்டுவிடும். இந்தப் புயலிலும் அந்த 40 மீட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே கேள்வி கேட்டவர் ஒன்று செய்யலாம். உங்கள் 700 மீட்டர் முழுவதும் செங்குத்தாக இருக்காது. நடந்து போய்ப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் எங்கே செருப்பு வழுக்குகிறதோ அதை மட்டும் அளந்து கொள்ளுங்கள். அது அறுபது எழுபது மீட்டருக்குள் முடிந்து, நிலமும் உங்களுடையதாக இருந்தால், பட்டை போட்டுவிட்டுப் பின்சக்கர வண்டியே வாங்குங்கள். என் கீழ்ச் சரிவு இரண்டு பேருக்குப் பொதுவான பாதை. அங்கே சிமெண்டு மூட்டை இறங்குவதற்கு முன் வக்கீல் இறங்க வேண்டியிருக்கும்.

29 டிசம்பர் 2024

டிஃபரன்ஷியல் லாக் பற்றிச் சுருக்கமாக. அது ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடுவதால், ஒன்று அந்தரத்தில் இருந்தாலும் மற்றது இழுக்கும். பின்சக்கர இழுவையும் லாக்கும் சேர்ந்த வண்டி, லாக் இல்லாத ஃபோர் வீலுக்குச் சில மேடுகளில் சமமாக நிற்கும். லாக் இல்லாத ஃபோர் வீலில் முன்னால் ஒரு சக்கரமும் குறுக்கே பின்னால் ஒரு சக்கரமும் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டால், அவை இரண்டும் சுற்றும், வண்டி நிற்கும். பேர்தான் நான்கு சக்கரம். டொயோட்டா ஹைலக்ஸில் பின் அச்சுக்கு லாக் வருகிறது; அதன் விலைக்கு என்னால் இன்னொரு ஏக்கர் யோசிக்க முடியும். இறக்கத்துக்கு லாக் பெரிதாக உதவாது. நம் பேச்சு இறக்கத்தைப் பற்றியது என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

16 பிப்ரவரி 2025

வாங்கிவிட்டேன். புதியது இல்லை, ஆறு வருடம் ஓடிய ஃபோர் வீல் கேம்பர். தண்டச் செலவு என்பதுதான் சரி என்று முதல் பதிவில் எழுதியவன் நான்தான், மேலே போய்ப் படித்துவிட்டுச் சிரிக்க விரும்புகிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பழைய பின்சக்கர வண்டியை விற்கவில்லை. சேலம் போய்வருவதெல்லாம் அதில்தான்.

பழைய ஃபோர் வீல் வாங்குகிறவர்களுக்கு நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். விற்கிறவர் சின்னக் கியரைத் தொட்டே வருடக்கணக்காகியிருக்கும்; பலருடைய வண்டியில் அது துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. மண்பாதையில் போட்டு, ஐம்பதடி ஓட்டி, எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நான் பார்த்த மூன்று வண்டிகளில் ஒன்று ஃபோர் வீலில் விழவே இல்லை. "அதெல்லாம் கொஞ்சம் ஓடினாச் சரியாயிடும் சார்" என்றார் விற்றவர். முன் அச்சுத் தண்டின் ரப்பர் உறைகளைக் குனிந்து பாருங்கள். கவாத்துக் குச்சி கிழித்திருந்தால் உள்ளே கிரீஸுக்குப் பதில் மண் இருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில், இரண்டு கிரவுன்களின் ஆயில் மூன்றையும் திறந்து பாருங்கள். ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. வாங்கிய பிறகு மாதம் ஒருமுறையாவது மண்பாதையில் சின்னக் கியரைப் போட்டு ஓட்டுங்கள்.

கேள்வி கேட்டவர் நேற்றுத் தோட்டத்துக்கு வந்திருந்தார். தன் பாதையில் வழுக்கும் இடம் 180 மீட்டர் என்றார். அதில் பாதி அவருடைய நிலம் இல்லை. என் கீழ்ச் சரிவில் முந்தின இரவே தண்ணீர் விட்டு வைத்திருந்தேன், களி நன்றாக ஊறியிருந்தது. காலித் தொட்டி. லோ போட்டு, முதல் கியரில் விட்டு, காலை எல்லாப் பெடல்களிலிருந்தும் எடுத்துத் தரையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். முதலில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பிரேக்கின் மேல் கால் அந்தரத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சில்வர் ஓக் மரத்தைத் தாண்டியதும்தான் காலைக் கீழே வைத்தார். எங்களிடம் வேலை செய்யும் பையன் கொஞ்ச தூரம் கதவோரமாகப் பேசிக்கொண்டே நடந்து வந்தான். பிறகு வண்டியின் வேகம் அவனுக்குக் கட்டுப்படியாகாமல் முன்னால் போய், கீழ்த் துண்டின் படலைத் திறந்து வைத்துவிட்டு, எங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றான்.

17 பிப்ரவரி 2025

பின்னால் மட்டும் பெரிய அளவு டயர் போடலாமா என்று கேட்டவருக்கு: ஃபோர் வீலில் கூடாது. நான்கும் ஒரே அளவாகவும் ஏறக்குறைய ஒரே தேய்மானமாகவும் இருக்க வேண்டும். ஸ்டெப்னியையும் சேர்த்துச் சொல்கிறேன்.